மில்லக்காவின் அமைதி

மில்லக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. வீட்டுக்குள் இருந்து "தண்ணி வேணுமா?" என்று அவள் கேட்டால் தெருமுனையில் நிற்கிறவர் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. சிரித்துவிட்டு மறுநாள் அவர்களே கோதுமை டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் மில் வாசலில் வந்து நிற்பார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து மாவு மில்லுக்குள் நிற்கிற ஒருத்தி வேறு எப்படித்தான் பேசுவாள்?

மில் என்றால் பெரிய இடம் ஒன்றும் இல்லை. வாடகைக் கட்டடம். முன்னறையில் மில், பின்னால் இரண்டு அறைகளில் குடும்பம். கோதுமைக்கும் அரிசிக்கும் ஒரு பெரிய கல் மிஷின், மிளகாய்க்கு ஒரு சின்ன மிஷின். தரைக்குழிக்குள் மோட்டார், அதிலிருந்து ஏறுகிற அகலமான பெல்ட். மேலே தகரத் தொட்டியில் தானியத்தைக் கொட்டினால் கீழே துணிக்குழாய் வழியாக மாவு சூடாக இறங்கும். சுவர்க் கடிகாரத்தைத் தினமும் துடைக்காவிட்டால் மணி தெரியாது. சிலந்தி வலைகூட மாவு படிந்து நூல்கண்டு மாதிரி கனத்துத் தொங்கும்.

மாவு நைஸாக இறங்குகிறதா என்று மில்லக்கா கண்ணால் பார்ப்பதில்லை. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்ப்பாள். அதற்கும் முன்னால் காது சொல்லிவிடும். தொட்டி நிறைந்திருக்கும்போது கல்லுக்கு ஒரு சத்தம், குறையும்போது ஒரு சத்தம். தொட்டி காலியாகிக் கல்லும் கல்லும் நேருக்கு நேர் உரசினால் பல் கூசுகிற மாதிரி ஒரு கீச்சு வரும். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் 'கல் பட்டினி'. கல் பட்டினி கேட்டால் சாப்பிட்ட கையோடு ஓடி வருவாள்.

மில்லைப் போட்டது அவளுடைய அப்பா. மில் பெரியவளுக்கு, படிப்பு சின்னவளுக்கு என்று அவரே பிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பெரியவளுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. சின்னவளுக்கு இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

மில்லக்காவைக் கட்டியவர் அதற்கு முன்னால் துணிக்கடையில் வேலை பார்த்தவர். இஸ்திரி கலையாத சட்டையும் வாரிய தலையுமாக நின்று, வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு மில்லோடு வந்து ஒட்டிக்கொண்டார். ஒரு வாரத்தில் தலையும் புருவமும் சட்டையும் ஒரே நிறமாகிவிட்டன. அவருக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவில் அவர் 'மில்லக்கா வீட்டுக்காரர்'. இத்தனை வருஷமாக அப்படித்தான். அவர் அதற்கு முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. முகம் சுளித்தாலும் மாவுக்கு அடியில் என்ன தெரியும்?

மிஷின் ஓடும்போது பேசிப் பயனில்லை. மில்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சை எடுத்துக்கொள்வார்கள். புதிதில் அவருக்கு இது பிடிபடாமல் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. பிறகு பழகிவிட்டார். கூட்டம் நெரிந்த ஒரு நாள், வரிசையில் நின்றவர்கள் தலைக்கு மேலாக அவளைப் பார்த்து, 'நீ இன்னைக்கு அழகா இருக்கே' என்று சத்தமில்லாமல் வாயசைத்தார். முகம் முழுக்க மாவாக நின்றவள், 'தொட்டியைப் பாருங்க' என்று திருப்பி வாயசைத்தாள். ஆனால் அன்றைக்கெல்லாம் சிரித்த முகமாகவே இருந்தாள். அவர்கள் குடும்பம் பாதி அப்படித்தான் நடந்தது.

வயது ஏறியபோது தொல்லை காதில் வந்தது. சாயங்காலம் மில்லை நிறுத்திய பிறகும் அவள் காதுக்குள் மில் ஓடிக்கொண்டே இருந்தது. படுத்தால் தூக்கம் இல்லை. காலையில் வருகிறவர்கள் மேல் எரிந்து விழுந்தாள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "மருந்தெல்லாம் இதுக்கு இல்லம்மா, தினமும் கொஞ்ச நேரம் சத்தமில்லாத இடத்துல இருங்க" என்றார். அந்த இடத்துக்கு அவள் எங்கே போவாள்?

இடம் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது தங்கைதான். ஒரு மதியம் மூவரும் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, மருந்துக் கடை மாடியில ஒரு பயிற்சி நடக்குது. கண்ணை மூடிக்கிட்டு அமைதியா உட்கார்றது."

"அதுக்கு எதுக்கு மாடி ஏறணும்? என்னை உட்கார விட்டா இங்கேயே மூடிக்குவேன்."

"தூங்குறது இல்லக்கா. உள்ளே ஒரு குரல் இருக்காம். தினம் உட்கார்ந்து அதைக் கேட்கப் பழகணுமாம்."

"வெளியே இருக்கிற குரலே ஊருக்குத் தாங்கல. உள்ளே வேற ஒண்ணு எதுக்கு?"

தங்கை சிரித்தாள். "நானும் கூட வர்றேன். பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறேன்."

"மில்லு?"

அப்போதுதான் மில்லக்கா வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "போய்ட்டு வாயேன். மதியம் கூட்டமும் இருக்காது. நான் பார்த்துக்கிறேன்."

மில்லக்கா அவரையே பார்த்தாள். சாப்பிட்டியா என்று கேட்பார், காய்ச்சலா என்று கேட்பார். ஆனால் நீ கொஞ்சம் உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த மனிதர் வாயில் வந்ததே இல்லை. மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளாமல், "தொட்டியை நிரப்பி வெச்சுட்டு வெளியே போய் நின்னு வேடிக்கை பார்க்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். அன்று சாயங்காலம் ஆளுக்கொரு முட்டை பொரித்தவள், தன் முட்டையையும் அவர் தட்டிலேயே வைத்தாள்.

மருந்துக் கடை மாடியில் ஒரு நீளமான கூடம். தரையில் பாய்கள், தலைக்கு மேல் நான்கு மின்விசிறிகள், கீழிருந்து ஏறிவருகிற மருந்து வாசனை. சொல்லிக்கொடுக்கிற அம்மா முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு எழுந்து வருகிறவர் மாதிரி நடப்பார். வகுப்புக்கு வருகிறவர்கள் பஸ் கண்டக்டர் ஒருவர், பூட்டுக் கடைக்காரர், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருக்கிற பெண்கள் இரண்டு மூன்று பேர். மில்லக்கா தலையில் கட்டியிருந்த மாவுத் துண்டை அவிழ்த்து உதறியதும் முன்வரிசையே தும்மியது.

"வெளியில சத்தம் கேட்கும். கேட்கட்டும். மனசு அதையும் இதையும் சொல்லும். சொல்லட்டும். நீங்க பின்னாலேயே போகாதீங்க. அதெல்லாம் அடங்கின பிறகு உள்ளே இருந்து ஒண்ணு பேசும். ரொம்ப மெதுவாப் பேசும்" என்றார் பயிற்சியம்மா.

மில்லக்கா கண்ணை மூடினாள். அவளுக்குக் கேட்டது மில்.

மருந்துக் கடைக்கும் மில்லுக்கும் நடுவே ஏழெட்டுக் கட்டடங்கள்தான். கூடத்தின் தரையிலேயே மில்லின் அதிர்வு லேசாக வந்து தொட்டது. இப்போது கோதுமை போட்டிருக்கிறார். இது சரியாகக் காயாத கோதுமை, கல் திணறுகிறது. இதோ தொட்டி குறைகிறது. குறைகிறது. கல் பட்டினி. அவள் பாதி எழுந்துவிட்டாள். தங்கை கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அங்கே ஒரு வழக்கம். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் அன்று உள்ளே என்ன நடந்தது என்று ஒரு வரி சொல்ல வேண்டும். கண்டக்டர், "ரெண்டு நிமிஷம் டிக்கெட் ஞாபகம் வரலை" என்றார். மில்லக்கா முறை வந்தது.

"நான் இங்க உட்கார்ந்துக்கிட்டே அங்க மாவு அரைச்சேன்" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. பயிற்சியம்மாவும் சிரித்துவிட்டார்.

இப்படியே பல நாள் போயிற்று. அவள் விடவில்லை. எதையும் அரைகுறையாக அரைத்துப் பழக்கமில்லாதவள். தினமும் சாப்பாடு முடிந்ததும் முகம் கழுவி, துண்டை உதறி, தங்கையோடு மாடி ஏறினாள். மில் அவள் காதில் வந்து வந்து முட்டியது. வரட்டும் என்றாள். போகட்டும் என்று சொல்லத்தான் வரவில்லை.

ஒரு நாள் மில் போய்விட்டது.

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் அதைக் கவனித்தாள். எப்போதும் இருக்கிற அந்தத் தடதடப்பு இல்லை. காது காலியாக இருந்தது. அவள் மூச்சு மூக்கு வழியாகப் போவதும் வருவதும் அவளுக்கே கேட்டது. தன் மூச்சுச் சத்தத்தை அவள் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டாள். கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

முறை வந்தபோது அவளுக்குக் குரலே எழும்பவில்லை. "இன்னைக்கு எனக்கு மில்லுச் சத்தம் கேட்கலை. அங்க ஓடிக்கிட்டுதான் இருக்கும். எனக்குக் கேட்கலை."

பயிற்சியம்மா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். "எல்லாரும் கேட்டுக்குங்க. இத்தனை வருஷமா காதுக்குள்ள இருந்த சத்தம். இவங்க உட்கார்ந்து உட்கார்ந்து அதைத் தாண்டிட்டாங்க." கண்டக்டர் கைதட்டினார். தங்கை அழுதாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். உடன்பிறந்தவளுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம் என்று மில்லக்காவுக்கு உருகிப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"கேட்கவே இல்லையா?"

"துளிகூடக் கேட்கலைங்க. என்ன நிம்மதி தெரியுமா? அப்படியே எடை இறங்கின மாதிரி."

"அப்படியா?" என்றார். "நல்லதுதானே?" என்றார். பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வெளியே போனார்.

அதன் பிறகு தினமும் அந்த அமைதி அவளுக்குக் கிடைத்தது. உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும். அவள் மாறினாள் என்று தெருவே சொன்னது. குரல் இறங்கியது. கை தவறி மிளகாய்ப் பொடியைக் கொட்டிய பெண்ணிடம், "பரவாயில்லை, கண்ணைக் கசக்காதே" என்று சொன்னாள். அந்தப் பெண் பயந்துபோய் நின்றது. படுத்ததும் தூங்கினாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மாடியில் கிடைத்ததை அவள் வேறு யாரிடமிருந்தும் வாங்கவில்லை. தானே உட்கார்ந்து சம்பாதித்தது என்ற பெருமை அவளுக்கு இருந்தது. நியாயமான பெருமைதான்.

கொஞ்ச நாளில் அந்த அமைதிக்குள் ஒரு குரலும் வந்தது. அவள் குரல் மாதிரி இல்லை. சின்னதாக, அவசரமில்லாமல், 'எழுந்திரு' என்றது.

இது என்ன சோம்பேறி மனசு, உட்காரச் சொன்னால் எழச் சொல்கிறது என்று அவள் அதை ஒதுக்கினாள். மறுநாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும். வகுப்பு முடிந்து மற்றவர்கள் இறங்கிய பிறகு அவள் பயிற்சியம்மாவிடம் போனாள்.

"அம்மா, உள்குரல் எது, மனசு எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"மனசு காரணம் சொல்லும். இப்படிப் பண்ணினா இது கிடைக்கும், இல்லேன்னா அது போயிடும்னு வாதாடும். உள்குரல் வாதாடாது. சொன்னதையே சொல்லும். ஏன், என்ன கேட்குது உங்களுக்கு?"

தங்கை படியில் காத்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் இல்லம்மா, சும்மா கேட்டேன்" என்று மில்லக்கா இறங்கிவிட்டாள். எழுந்திரு என்று கேட்கிறது என்று சொன்னால், உட்காரவே தெரியாத ஆள் என்று நினைத்துவிடுவாரோ என்று அவளுக்கு வெட்கம்.

மில்லில் சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தன. மதியம் அரைக்கக் கொடுத்த டப்பாக்கள் சாயங்காலம் அப்படியே இருந்தன. வீட்டுக்காரரைக் கேட்டால், "கரண்ட் போயிடுச்சு. நீ போனதும் போச்சு, இப்பத்தான் வந்துச்சு" என்றார். வழக்கமாக வருகிற சிலர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாள் கல்லின் மூடியைத் தொட்டாள். ஓடிய கல் சாயங்காலம் வரை சூடு விடும். அது தண்ணீர்ப் பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. இன்றும் கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னொரு நாள் அவர் ஒரு நீலச் சட்டை போட்டிருந்தார். புதுசு. மடிப்புக் கலையாதது.

"மில்லுக்குள்ள யாராவது நீலம் போடுவாங்களா?"

"ஆசையா இருந்துச்சு, வாங்கினேன்."

"நாளைக்கே வெள்ளையாயிடும்" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சாயங்காலமும் அந்தச் சட்டை நீலமாகவே இருந்தது. அவள் அதையும் பார்த்தாள். பார்த்து, தனக்காக மதியமெல்லாம் தனியாக நிற்கிற மனிதரை என்ன நோண்டிக்கொண்டிருப்பது என்று விட்டுவிட்டாள். நம்பிக்கை இருக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாது.

சில நாள் கழித்து ஒரு மதியம் வெயில் கடுமையாக இருந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். மில்லக்காவுக்கு அமைதி உடனே வந்தது. குரலும் வந்தது. எழுந்திரு. அவள் மூச்சைக் கவனித்தாள். எழுந்திரு. சரி, இன்று உன்னையே கேட்கிறேன் என்று முதன்முறையாக அதை ஒதுக்காமல் அதன் பக்கம் காதைத் திருப்பினாள்.

திருப்பியதும் எல்லாம் கேட்டது. பூட்டுக் கடைக்காரர் எச்சில் விழுங்குவது கேட்டது. கீழே மருந்துக் கடையில் யாரோ மாத்திரை அட்டையைக் கத்தரிப்பது கேட்டது. ஜன்னல் விளிம்பில் புறா நகம் கீறுவது கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் செயின் உரசிக்கொண்டு போனது. இதெல்லாம் கேட்கிறது. மில் மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்?

தலைக்கு மேலிருந்து காற்று அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். நான்கு விசிறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தெரு முழுக்க ஒரே லைன். இங்கே கரண்ட் இருந்தால் அங்கேயும் இருக்கும். எத்தனை மதியம் இந்தக் காற்று கழுத்தில் பட்டிருக்கிறது? ஒரு மதியமாவது இது நின்றதுண்டா?

எழுந்தாள். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

"அக்கா, உட்காரு. வகுப்பு நடக்குது" என்று தங்கை கிசுகிசுத்தாள்.

மில்லக்கா திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் எல்லோர் கண்ணும் மூடியிருந்தது. தங்கையின் கண்கள் திறந்திருந்தன. இப்போதுதான் திறந்த கண் இல்லை அது. தூக்கமோ கூச்சமோ அதில் இல்லை. அவள் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை என்று மில்லக்காவுக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை நாளும் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தான் எழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கையை விடு" என்றாள். பழைய குரலில் சொன்னாள். கூடமே கண்ணைத் திறந்தது.

படியிறங்கி நடந்தாள். தங்கை பின்னாலேயே அக்கா, அக்கா என்று ஓடிவந்தாள். மில் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளினாள்.

பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்கள். தொட்டி தரையில் கிடந்தது. கல்லின் மூடி திறந்திருக்க, மேல்கல்லைச் சங்கிலி போட்டுத் தூக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய மிஷின் வாங்குகிற ஆள் ஒருவர் இடுப்பில் கயிற்றோடு நின்றார். போன் ரிப்பேர் பார்க்கிற தங்கையின் கணவர் டேப்பைப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார். நடுவில் அவர், நீலச் சட்டையில்.

கல் சங்கிலியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தேய்ந்து வழுக்காமல் இருக்க அதன் அடிப்பக்கத்தை அவளுடைய அப்பாதான் முதலில் கொத்தினார். பிறகு அவள் கொத்தினாள். அவள் அதை நிறுத்திப் பிடித்தாள்.

"என்னங்க இது?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? கல்லு வண்டியில ஏறின பிறகா?"

மிஷின் வாங்குகிறவர் கயிற்றை அவிழ்த்தார். "அம்மாவுக்குத் தெரியும்னு சொன்னீங்களே, சார்?"

தங்கைதான் பேசினாள். "அக்கா, நான் சொல்றேன் கேளு. இவர் படிக்கட்டுக்கு அடியில குனிஞ்சு உட்கார்ந்து போன் ரிப்பேர் பண்ணிப் பண்ணி முதுகு போச்சு. நிமிர்ந்து நிக்க ஒரு இடம் இல்லை. இந்த ரூம் ரோட்டுமேல இருக்கு. மாமாவும் கடையில உட்கார்ந்துக்கிறேன்னு சொன்னாங்க. உனக்கும் வயசாச்சு, காது போச்சு. அப்பா போட்ட மில்லு, எனக்கும் ஒரு பங்கு இல்லையா?"

"என்கிட்ட கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

"மாட்டேன். அது தெரிஞ்சுதானே கேட்கலை." மில்லக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

அவர் நீலச் சட்டையின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "எனக்கு மாவு வேண்டாம்னு ஆயிடுச்சு. காலையில எழுந்தா எச்சிலே மாவா வருது. ஒரு நாற்காலி, ஒரு மேசை. போட்ட சட்டை போட்ட நிறத்துல இருக்கணும். வர்றவன் என்னைப் பார்த்து, மில்லக்கா இல்லையான்னு கேட்கக் கூடாது. இதைப் போய் உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"இப்ப சொன்னீங்களே, அப்படிச் சொல்றது."

"நீ கத்துவே."

"கத்தியிருப்பேன். கத்தி முடிச்சு உங்களைத் துணிக்கடைக்கே போங்கன்னு சொல்லியிருப்பேன். நீங்க இங்க நிக்கணும்னு நான் கட்டியா போட்டேன்? அதுக்காக என்னை மாடியில உட்கார வெச்சீங்களா?"

"முதல்ல உன் காதுக்காகத்தான். சத்தியமா. பிறகு ஒரு நாள் மிஷினைப் பார்க்க ஆள் வந்துச்சு, நிறுத்தினேன். அன்னைக்குப் பார்த்து நீ வந்து, மில்லுச் சத்தம் கேட்கலை, நிம்மதியா இருந்துச்சுன்னு சொன்னே. எடை இறங்கின மாதிரின்னு சொன்னே. சரி, மில்லு இல்லாட்டியும் இவ நல்லாத்தான் இருப்பான்னு தைரியம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் மதியத்துல மோட்டாரைப் போடவே இல்லை. தெருவுல எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. மில்லை விடப்போறோம்னதும் மில்லக்கா எவ்வளவு சாந்தமாயிட்டாங்கன்னு."

"தெருவுக்கும் தெரியுமா?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சாங்க."

மில்லக்கா கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மில் போகிறது என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு இரண்டாவதாகத்தான் பட்டது. கண்ணில் நீர் வழிய வழிய மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அந்த முதல் நாள். கண்டக்டர் கைதட்டினாரே. தங்கை கையைப் பிடித்து அழுதாளே. அது சந்தோஷ அழுகை இல்லை. மனசாட்சி உறுத்தி அழுதிருக்கிறாள். அழுதும் மறுநாள் அதே பாயில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"அந்த அமைதி நான் உட்கார்ந்து சம்பாதிச்சதுன்னு நினைச்சேங்க" என்றாள். குரல் அடங்கிப்போயிருந்தது. "தினம் பெருமையா வந்து உங்ககிட்டயே சொன்னேன். நீங்க இங்க சுவிட்சை அணைச்சிருக்கீங்க. அவ்வளவுதானா அது? கேட்டுக்கிட்டு டீ குடிச்சீங்களே, எப்படிங்க இறங்குச்சு?"



அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தலைத்துண்டை எடுத்து இறுக்கிக் கட்டினாள். மிஷின் வாங்குகிறவரைப் பார்த்து, "கல்லை இறக்கி வைங்க" என்றாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. சங்கிலியை விட்டார். இரண்டு கல்லுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அவள் குனிந்து பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் திருகினார். பெல்ட்டை மாட்டிக்கொடுத்தார். போகும்போது, "எனக்குத் தெரியாதும்மா" என்றார். "தெரியும், நீங்க போங்க" என்றாள். தங்கையிடம் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. கட்டட உரிமையாளரிடம் அன்றே தானே நடந்து போய், மில் இருக்கும், நான் நடத்துவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பயிற்சியம்மா சில நாள் கழித்து ஒரு டப்பா கோதுமையோடு வந்தார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது.

"நான் வேற எல்லார் முன்னாடியும் பாராட்டிட்டேன். எனக்கே வெட்கமா இருக்கு. வகுப்புக்கு வரமாட்டீங்களா?"

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. ஆனா அங்க உட்கார்ந்தா எனக்கு இனிமே மில்லுதான் கேட்கும். ஓடினாலும் அதைத்தான் கேட்பேன். நின்னாலும் அதைத்தான் கேட்பேன்."

"உள்குரல் கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு. உங்ககிட்ட சொல்ல வந்தேன், வெட்கப்பட்டுக்கிட்டுச் சொல்லலை. எழுந்திரு எழுந்திருன்னு எத்தனையோ நாள் சொல்லியிருக்கு. நான்தான் மரியாதையா உட்கார்ந்திருந்தேன்."

பயிற்சியம்மா வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மாவை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் மில்லக்கா காலையில் மில்லைத் திறந்ததும் மோட்டாரைப் போடுவதில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில், கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணை மூடுகிறாள். சுவிட்ச் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறாள். பூட்டுக் கடைக்காரரே வந்து மாட்டிக் கொடுத்தார். சாவி அவள் உள்ளங்கையில் இருக்கிறது. இந்த அமைதி யாரும் சுவிட்சை அணைத்துக் கொடுத்தது இல்லை. முன்பு மாதிரி அது உடனே வருவதில்லை. காதுக்குள் மில் ஓடுகிறது, தங்கையின் திறந்த கண்கள் வருகின்றன, முட்டை வைத்த தட்டு வருகிறது. அவள் விடாமல் உட்கார்கிறாள். கடைசியில் அந்தச் சின்னக் குரல் வருகிறது.

வீட்டுக்காரரைப் பற்றி அது ஏதாவது சொல்லும் என்று அவள் காத்திருக்கிறாள். அவர் துணிக்கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். இந்த வயதில் எடுப்பதில்லை என்றுவிட்டார்கள். இப்போது மில் வாசலில் பழைய சட்டையோடு நிற்கிறார். அவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. மூட்டை வந்தால் அவராகவே தூக்கி வந்து வைக்கிறார். அவரை வைத்துக்கொள்வதா, விடுவதா, மன்னிப்பதா என்று குரல் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்திரு என்று மட்டும் சொல்கிறது.

இன்றும் சொன்னது. அவள் உடனே எழுந்தாள். பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டாள். பெல்ட் ஏறியது. கல் சுற்றியது. வரிசையில் நான்கைந்து பேர் டப்பாவோடு நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலாக வாசலில் நின்ற அவர் அவளைப் பார்த்தார். பார்த்து, சத்தமே இல்லாமல், நிறுத்தி நிறுத்தி வாயசைக்க ஆரம்பித்தார்.

அந்த இரைச்சலில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். முதல் சொல் முடிவதற்குள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டியைப் பார்த்தாள்.